பிரேமினி வீட்டுப் பாசி

சோழகக் காற்று கிளம்பிய கிழமையில்தான் பாப்பாமோட்டைக்குப் பாசி வந்தது. குளத்துப் பாசியில்லை. பாசி பிடிக்கிற அளவுக்குக் குளத்தில் அப்போது தண்ணீரும் இல்லை. நுவரெலியாப் பக்கத்து மலையில், பனி சொட்டுகிற மரமொன்றில் பிடித்திருந்ததைச் சுரண்டி, அலசி, காயவைத்து, நைலோன் வலையில் மாங்காய் அளவு பொட்டலங்களாகக் கட்டி ஒரு பெட்டை ஸ்கூட்டியில் கொண்டுவந்தாள்.

பெயர் முஸ்பிரா. சிலாவத்துறைக்காரி. வாப்பா கடலுக்குப் போகிறவர். அந்தக் குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். படித்தவர்களுக்குப் பயந்து பயந்தே படித்து முடித்தவள். ஆனபடியால் கம்பஸில் அவளுடைய சேர் ஒன்றைச் சொன்னால் அதை அப்படியே செய்வாள், மறுபேச்சில்லை.

பிரேமினி வீட்டுப் படலையடியில் ஸ்கூட்டி நின்றதும் முதலில் குரல் கொடுத்தது பக்கத்து வீட்டுச் சிவபாக்கியம். புருஷன் செத்தபிறகு ஊர்ப் புதினம் முழுவதையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட மனுஷி.

"ஆரது பிள்ளை, நுளம்புக்குப் புகை அடிக்கிற ஆக்களோ? எங்களுக்குப் புகை சும்மாவே வருது. நீ வேற ஊருக்குப் போ."

"இல்லை அன்ரி, கம்பஸில இருந்து வாறன். இந்த வீட்டு அக்கா நிக்கிறாவோ?"

"கம்பஸில இருந்தோ! பிரேமினீ, எடியே, உன்னைத் தேடிக் கம்பஸே வந்திருக்கு. அண்டைக்கு எட்டாம் வகுப்போட நிப்பாட்டினதைத் திருப்பித் தொடங்கப் போகினமாம்."

பிரேமினி மாவரிக்கிற கையோடு வெளியே வந்தாள். முப்பது வயதிருக்கும். அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயது வேணுஜா. பிள்ளையின் முகம் பழைய வெள்ளைச் சீலைபோல வெளிறியிருந்தது. முஸ்பிரா முற்றத்துக் கம்பத்தைக் காட்டி அதில் ஒரு பொட்டலத்தைக் கட்டலாமா என்று கேட்டாள்.

"கட்டுங்கோ. என்னத்துக்குப் பிள்ளை இது?"

"இது மலைநாட்டுப் பாசி அக்கா. எங்கட வெக்கைக்குள்ள இது எப்பிடித் தாக்குப் பிடிக்குது எண்டு பாக்கிறம். ரெண்டு மாசம் இப்பிடியே தொங்கட்டும். வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ."

"உங்கட சோதினைக்கோ?"

"ஓம் அக்கா. அப்பிடித்தான்."

அது பொய். பாசி தாக்குப் பிடிக்கிறதா, செத்துப்போகிறதா என்பது பற்றி முஸ்பிராவுக்கோ அவளுடைய சேருக்கோ ஒரு கவலையும் இல்லை. பாசிக்கு வேர் கிடையாது. அதன் சாப்பாடெல்லாம் காற்றில்தான். காற்றில் ஈயம் வந்தால் ஈயத்தைப் பிடித்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். கழுவாத வரைக்கும் செத்தாலும் விடாது. இரண்டு மாதம் கழித்து அதை எடுத்து அமிலத்தில் கரைத்துப் பார்த்தால், பட்டறைப் புகை எந்த வீட்டு முற்றத்தில் எவ்வளவு ஈயத்தைக் கொட்டுகிறது என்பது தெரிந்துவிடும். வயல் செய்கிற ஊர்க் கமக்காரர் சங்கம் புகைக்கு எதிராகச் சுற்றாடல் கந்தோருக்கு மனுப் போட்டு, கந்தோர் கம்பஸைக் கேட்டு, அதற்காகத்தான் அந்தப் பொட்டலங்கள் வந்தன. பாடசாலையடியில் ஒன்று, கோயிலடியில் ஒன்று, சந்தியில் ஒன்று, சிவபாக்கியத்தின் வேலியில் ஒன்று, இன்னும் சில. பட்டறை மதிலோடு ஒட்டின வீடு பிரேமினியுடையது. சோழகம் பட்டறையைத் தாண்டி நேரே அந்த முற்றத்துக்குத்தான் வரும்.

உண்மையைச் சொல்லாமல் விட்டதற்குச் சேர் ஒரு நியாயம் வைத்திருந்தார். "அந்தச் சனத்தில பாதி பட்டறையில வேலை. இன்னதுக்குத்தான் எண்டு சொன்னால் ஒளிப்பாங்கள், இல்லாட்டிக் கழுவிப்போடுவாங்கள். ஒண்டும் சொல்லாதேங்கோ." பிரேமினியின் புருஷன் சுகந்தனும் அங்கேதான் வேலை. ஆகவே முஸ்பிரா சொல்லவில்லை.

பட்டறை என்றால், பழைய வாகனப் பற்றறிகளை உடைத்து ஈயம் உருக்குகிற இடம். தில்லைநாதனுடையது. வெளிநாட்டில் இருந்து உழைத்துத் திரும்பிவந்தவர், கோயில் தர்மகர்த்தா, திருவிழாவில் ஒரு நாள் அன்னதானம் அவருடையது. வீடு மட்டும் மன்னார்த் தீவில், கீரிக் கடற்கரையில். அங்கே கடல் காற்று. அவர் உருக்குகிற ஈயத்தின் காற்று பாப்பாமோட்டைக்கு.

விடியவும் பொழுதுபடவும் உலை எரிப்பார்கள். புகை முதலில் வாயில் தெரியும், பிறகுதான் கண்ணில். நாக்கில் இனிப்பும் கசப்புமாக ஏதோ ஒட்டும். பிரேமினியிடம் ஆறு ஆடு நின்றது. வேலியோரப் புல்லை மேய்ந்து, பல்லைக் கடித்து, தலையைச் சுவரில் முட்டி முட்டி ஒவ்வொன்றாகச் செத்தன. மிருக வைத்தியர் வந்து பார்த்துப் பொலித்தீன் தின்றிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு வேணுஜாவுக்கு வயிற்றுக்குத்து. அதன்பிறகு, முன்பள்ளியில் எழுதப் பழகின 'அ'னாவை மறந்தது. 'ஆ'வன்னாவையும் மறந்தது. கடைசியாக ஒருநாள் புட்டுத் தின்றுகொண்டிருந்தபோது வலிப்பு.

மன்னார் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். இரத்தத்தில் ஈயம் என்று பதில் வந்தது. டொக்டர் இளம் பெடியன், ஒளிக்காமல் சொன்னான்.

"அம்மா, மருந்து தாறன். ஆனா பிள்ளை அதே புகைக்குள்ள இருந்தால் என்ர மருந்து வேலை செய்யாது. ஒண்டில் பிள்ளையை அங்க இருந்து எடுங்கோ. இல்லாட்டிப் புகையை நிப்பாட்டுங்கோ."

பிரேமினி முதலில் பிள்ளையை எடுக்கத்தான் பார்த்தாள். வெள்ளாங்குளத்தில் இருக்கும் தமக்கையிடம் போய்க் கேட்டாள். "வலிப்பு வாற பிள்ளையை வைச்சுக்கொண்டு நான் என்னடி செய்ய? இரவில ஏதும் ஆச்செண்டா ஊர் என்னைத்தான் பேசும்" என்று தமக்கை தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள். சுகந்தனிடம் வீட்டை விட்டு எல்லாருமாகப் போவோமா என்று கேட்டபோது, அவன் சோற்றுக் கோப்பையைத் தள்ளினான்.

"எங்க போறது? சொல்லன். சண்டைக்கு ஓடினம். முள்ளுக்கம்பிக்குள்ள கிடந்தம். திரும்பி வந்து, பத்தையை வெட்டி, வீட்டுத்திட்டத்தில இந்தச் சுவரை எழுப்பி இன்னும் பூச்சும் பூசேல்லை. இனிப் புகைக்கும் ஓடச் சொல்லுறியோ?"

"பிள்ளைக்கு வலிப்படா."

"எனக்கு அங்க வேலையடி. வயல் ஒரு போகம். மிச்ச நாளுக்கு என்னத்தைத் திங்கிறது?"

ஆகவே மிஞ்சியது ஒன்றுதான். புகை நிற்க வேண்டும். மனுவில் பிரேமினி கைநாட்டு வைக்காமல், எட்டாம் வகுப்பு எழுத்தில் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டாள். சுகந்தனுக்குத் தெரியாமல்.

அந்த மனுவுக்காகத்தான் பாசி வந்து தன் முற்றத்தில் தொங்குகிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

மூன்றாம் நாளே பாசி பொரிந்துபோயிற்று. பச்சை போய், கையில் எடுத்தால் நொறுங்குகிற மண்ணிறம். கமக்காரன் வீட்டில் பிறந்தவளுக்கு, கண்முன்னே ஒரு பச்சை காய்ந்து சாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது. ஒரு செம்புத் தண்ணீர் வார்த்தாள். வார்த்த கையோடு அது கண் விழித்ததுபோலப் பச்சையாக விரிந்தது. வேணுஜா கைகொட்டினாள்.

"அம்மா, முளிச்சிட்டுது!"

"ஓம் செல்லம். மலையில குளிருக்க இருந்த பிள்ளை. தண்ணி விடாய்க்கும்தானே."

அன்றிலிருந்து அதற்குப் பெயர் மலைப்பிள்ளை. காலையில் ஒரு வார்ப்பு, மத்தியானம் ஒரு வார்ப்பு. அந்த ஊரில் இன்னொரு பழக்கமும் இருந்தது. புகை மணத்தவுடன் யாராவது ஒருத்தி "வருதடி" என்று குரல் வைப்பாள். உடனே வளவுக்கு வளவு பெண்கள் ஓடிக் கொடியில் கிடக்கிற உடுப்பை அள்ளுவார்கள், கிணற்றை மூடுவார்கள், காயப்போட்ட பனங்கிழங்கு ஒடியலைச் சுளகோடு உள்ளே எடுப்பார்கள். புகை படிந்த உடுப்பை எத்தனை தரம் கசக்கினாலும் சாம்பல் நிறம் போகாது. பிரேமினி அந்த ஓட்டத்தில் முதலில் அவிழ்த்தெடுப்பது பாசிப்பையை. அதன்பிறகுதான் பிள்ளையின் சட்டை.

"உடுப்பு கிடக்க ஊர்ப் பாசிக்கு ஓடுறாள்" என்று வேலிக்கு மேலால் சிவபாக்கியம் சிரிப்பாள்.

"அந்தப் பெட்டையின்ர சோதினையக்கா. செத்துப்போனால் பாவம், அவள் பெயிலாப் போடுவாள்."

"என்ரயைப் போய்ப் பார். கருவாடு மாதிரித் தொங்குது. நான் பாஸாக்கி விடுறதெண்டால் முதலில என்ர மோனை ஓ.எல். பாஸாக்கியிருப்பன்."

கதவைச் சாத்தினாலும் தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் கை போகிற இடைவெளி. பிரேமினி பாசியைத் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் ஈரச் சாக்கில் சுற்றி வைப்பாள். பிள்ளையை ஈரச் சாக்கில் சுற்ற முடியாது. வீட்டுக்குள் பாசி தேறியது. பிள்ளை தேறவில்லை.

முஸ்பிரா பொட்டலம் கழற்ற வருகிற நாளை முதல்நாளே போனில் சொன்னாள். இரவல் வாங்கிய எதையும் ஊத்தையோடு திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில் வாங்கின, அரிசி அளக்கிற சுண்டு என்றாலும் புளிபோட்டு மினுக்கி, வெறுமையாய்க் கொடுக்காமல் இரண்டு மிளகாய்ப்பழமாவது போட்டுத்தான் கொடுப்பாள். பாசியும் இரவல்தானே. முதல் தண்ணீர் கிணற்றில், வாளியில் போட்டு முக்கி எடுத்தாள். வாளியடியில் சாம்பல் மாதிரி ஒன்று படிந்தது. "பார், எவ்வளவு ஊத்தை" என்று அதைக் கத்தரிக் கன்றுக்குக் கீழே ஊற்றினாள். இரண்டாம் தண்ணீரும் கிணற்றில். மூன்றாவதற்குக் கிணற்று உப்பு ஒத்துக்கொள்ளாது என்று பவுசரில் வருகிற குடிதண்ணீரை எடுத்தாள். நிழலில் காயவைத்து, முஸ்பிரா கட்டின அதே முடிச்சில் திருப்பிக் கட்டித் தொங்கவிட்டாள்.

முஸ்பிரா கையுறை போட்டு அதைக் கழற்றிக் கடதாசிப் பையில் போட்டாள்.

"அக்கா, மற்ற வீடுகளில காகம் பிச்சுக் குதறி வைச்சிருக்கு. உங்கடதுதான் நான் கட்டின மாதிரியே இருக்கு."

"நீங்கள் சொன்னனீங்கள்தானே பிள்ளை, வடிவாப் பாத்துக்கொள்ளச் சொல்லி."

"சோக்கான வேலை அக்கா. தாங்ஸ்."

பிரேமினி எள்ளுருண்டை கட்டிக் கொடுத்தாள். கட்டினபடியே இருந்ததுதான் கேடு என்று முஸ்பிராவுக்கு உறைக்கவில்லை. படித்தவர்களுக்கு ஒழுங்காய் இருப்பதெல்லாம் சரியாய் இருப்பதாகத்தான் படும்.

மனுவை விசாரிக்கிற கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில். ஆவணி வெயில், காற்றாடி சுற்றவில்லை. வந்தவர்களுக்குப் பற்றீசும் சோடாவும் கொடுத்தார்கள். யார் செலவென்று யாரும் கேட்கவில்லை, தில்லைநாதன்தான். அவரை விசாரிக்க வந்த சனம் அவருடைய பற்றீசைத் தின்றுகொண்டே இருந்தது. அவர் முன்வரிசைக் கதிரையில் வெள்ளைச் சேட்டும் திருநீறுமாக இருந்தார். பக்கத்தில் அவர் கொழும்பிலிருந்து கூட்டிவந்த சியாம் என்ற நிபுணர். மேசைக்குப் பின்னால் கந்தோர் மிஸ். சுகந்தன் பின்சுவரில் பட்டறைப் பெயர் போட்ட ரீசேட்டோடு சாய்ந்து நின்றான். மூன்றாம் வரிசையில் பிரேமினி, மடியில் வேணுஜா, பக்கத்தில் சிவபாக்கியம்.

முஸ்பிரா எழும்பினாள். அப்போதுதான் பிரேமினி முதன்முதலாக அதைக் கேட்டாள்: ஊரில் தொங்கின பாசி காற்றிலுள்ள ஈயத்தைப் பிடிக்கத் தொங்கினது என்று.

"பாசி ஈயம் பிடிக்குமோ?" என்றாள் சிவபாக்கியத்தின் காதுக்குள்.

"கேளன். உனக்குத்தானே சொல்லுறாள்."

"பாடசாலையடி, கோயிலடி, சந்தியடி, எல்லாத்திலயும் ஈயம் இருக்கு" என்றாள் முஸ்பிரா. "ஆனா…"

சியாம் அந்த 'ஆனா'வைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"ஆனா, பட்டறை மதிலோட ஒட்டின வீட்டில எப்பிடி?"

"குறைவு."

"எவ்வளவு குறைவு, மிஸ்?"

"மலையில இருந்து எடுத்தது மாதிரியேதான்… கிட்டத்தட்ட ஒண்டும் இல்லை."

"அப்ப புகை மதிலால ஏறிக் குதிச்சு, பக்கத்து வீட்டில படாமல் பறந்து, நேரே பள்ளிக்கூடத்தில போய் இறங்குது. புகைக்கும் படிக்க ஆசையாக்கும்."

மண்டபம் சிரித்தது. மனுப் போட்டவர்களும் சிரித்தார்கள்.

"அது லொறிப் புகை, மிஸ்" என்று சியாம் கந்தோர் மிஸ்ஸிடம் திரும்பினார். "ரோட்டோரம் கூடுது, பட்டறைக்குக் கிட்ட வரவரக் குறையுது. பாசி பொய் சொல்லாது."

முஸ்பிராவின் கண் மூன்றாம் வரிசைக்கு வந்தது.

"அக்கா, அந்தப் பையை ஆரும் தொட்டவையோ?"

"ஒருதரும் தொடேல்லை. நான் விடேல்லையே."

"மழை ஏதும்?"

"மழையோ? இஞ்சயோ?"

"அப்ப தண்ணி கிண்ணி பட்டதோ?"

"நான்தானே ஒவ்வொரு நாளும் வார்த்தனான்" என்றாள் பிரேமினி. சபையில் பேசிப் பழக்கமில்லாதவள். ஆனாலும் இது தான் நன்றாகச் செய்த வேலை என்ற நினைப்பில் குரல் எடுபட்டது. "புகை வந்தால் உள்ளுக்க எடுத்து வைச்சிடுவன். ஒரு நாளும் புகையில விட்டதில்லை. ஈரச் சாக்கு சுத்தி வைக்கிறனான். நீங்கள் கழட்ட வாறதுக்கு முதல்நாளும் மூண்டு தண்ணியில அலசித்தான் தந்தனான். கடைசித் தண்ணி குடிக்கிற தண்ணி…"

சொல்லச் சொல்ல மண்டபம் அடங்கிக்கொண்டு போனது அவளுக்குக் கேட்டது. பின்சுவரிலிருந்து சுகந்தன், "இருடி கீழ" என்றான். அவள் இருக்கவில்லை. என்ன பிழை விட்டோம் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரோ ஒருவன் பற்றீசோடு புரைக்கேறிச் சிரித்தான். அவ்வளவுதான், அணை உடைந்தது. கந்தோர் மிஸ்ஸும் வாயைக் கையால் பொத்தினா.

தில்லைநாதன் எழும்பி இரண்டு கையையும் உயர்த்தினார்.

"சிரிக்காதேங்கோ. ஆரும் சிரிக்காதேங்கோ. அந்தப் பிள்ளை துப்புரவான பிள்ளை. எங்கட ஊர்ப் பொம்பிளையளின்ர வளர்ப்பு அது. தங்கச்சி, நீர் இரும்."

அவர் அதைப் பரிவோடுதான் சொன்னார். அந்தப் பரிவை விட ஒரு செருப்பால் அடித்திருக்கலாம்.

"அந்த ஒரு வீட்டை மட்டும் கழிச்சுவிட்டுப் பாருங்கோ" என்று முஸ்பிரா கெஞ்சினாள். "மிச்சம் எல்லாம்…"

"மிச்சத்தை ஆர் கழுவினது, ஆர் கழுவேல்லை எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார் சியாம். "ஏனம்மா, உங்கட வீட்டுப் பை எப்பிடி?"

சிவபாக்கியத்துக்கு வாய் சும்மா இருக்காது. "என்ரயைக் குருவி கூடு கட்டக் கொண்டுபோட்டுது ஐயா. மிச்சத்தைப் பூனை."

மறுபடியும் சிரிப்பு. கந்தோர் மிஸ் முழு ஆராய்ச்சியையும் நம்பமுடியாது என்று சொல்லிவிட்டா. பிரேமினி அப்போதும் விடவில்லை. சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த இரத்தப் பரிசோதனைத் துண்டை எடுத்து நீட்டினாள்.

"மிஸ், பாசியை விடுங்கோ. என்ர பிள்ளையின்ர ரத்தத்தில ஈயம் எண்டு டொக்டரே எழுதித் தந்திருக்கிறார். பிள்ளையை நான் கழுவிக் குடுக்கேல்லையே மிஸ்."

யாரும் சிரிக்கவில்லை. சியாம் துண்டை வாங்கி வாசித்தார்.

"தகப்பன் பட்டறையில வேலை செய்யிறவர்தானே? உடுப்பில ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும். அது வீட்டுச் சுகாதாரப் பிரச்சினை."

"சுகந்தன்" என்று தில்லைநாதன் பின்பக்கம் திரும்பினார். "நீர் எத்தினை வருசமா என்னோட நிக்கிறீர். உமக்கு ஏதும் வருத்தம் இருக்கோ?"

மண்டபம் முழுக்கத் திரும்பிச் சுகந்தனைப் பார்த்தது. பிரேமினியும் பார்த்தாள். அவனுக்கு ஒரு வருஷமாக விரல் மரத்துக் கிடந்தது. சோறு பிசையும்போது பருக்கை சிந்தும்.

"இல்லை ஐயா" என்றான். "ஒண்டும் இல்லை."

பட்டறை நடக்கலாம் என்று முடிவாயிற்று. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குச் சுகாதார விழிப்புணர்வு அளிக்கப்படும் என்று கந்தோர் மிஸ் கூட்டத்தை முடித்தா.

வெளியே வேப்பமரத்தடியில் முஸ்பிரா ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். பிரேமினி பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்ப என்னட்டச் சொன்னது?"

"பொய். சேர் சொல்லச் சொன்ன பொய்."

"ஏன்?"

"உங்கட மனிசன் அங்க வேலை. சொன்னால் ஒளிச்சுப்போடுவீங்கள், கழுவிப்போடுவீங்கள் எண்டு."

"கழுவித்தானே தந்தனான்."

முஸ்பிரா கண்ணைத் துடைத்தாள். அழுகை போய் ஆத்திரம் வந்தது. "ஆர் அக்கா உங்களைக் கழுவச் சொன்னது? சும்மா விட்டிருந்தால் காணாதே? பக்கத்து வீட்டு மாட்டின்ர கழுத்தில கட்டியிருந்தாலும் எனக்கு றிசல்ட் வந்திருக்கும். என்ர வேலை போச்சு. என்ர வாப்பாவுக்கு நான் என்ன சொல்ல?"

"மாட்டின்ர கழுத்திலயோ?" பிரேமினி அவளுக்கு மிகக் கிட்டப் போனாள். "மாட்டிட்டயும் நீ உண்மை சொல்லத் தேவையில்லை, என்னட்டயும் சொல்லத் தேவையில்லை. அப்பிடித்தானே? நீ ஒரு வாய் சொல்லியிருந்தால் நான் அந்தக் கம்பத்தடியில பாய் போட்டுக் கிடந்து புகையைப் பிடிச்சுத் தந்திருப்பனடி. காகத்தைக் கலைச்சிருப்பன். என்ர புருஷன் தொட வந்தால் கையை முறிச்சிருப்பன். நீ என்னை நம்பேல்லை. உன்ர வாப்பாவும் எங்களை மாதிரிச் சாரம் கட்டின ஆள்தானே, அவரையும் உன்ர சேர் இப்பிடித்தான் நினைப்பார். யோசிச்சுப் பாத்தனியோ?"

முஸ்பிரா தலைக்கவசத்தை எடுத்து மாட்டினாள். வேணுஜா தாயின் தோளிலிருந்து அவளைப் பார்த்து, "மலைப்பிள்ளை எங்க?" என்று கேட்டாள்.

"கரைச்சுப்போட்டம்" என்றாள் முஸ்பிரா. பிறகு ஸ்கூட்டியை உதைத்தாள். அது கிளம்பவில்லை. இன்னும் உதைத்தாள். பிரேமினி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அது கிளம்பும்வரை.

கூட்டம் முடிந்த மறுகிழமை சுகந்தனை மேற்பார்வைக்கு உயர்த்தினார்கள். பட்டறையில் இன்னொரு உலை வைத்தார்கள். இனி யாருக்கும் ஒளிக்கத் தேவையில்லையாதலால் விடிய, பொழுதுபட என்றில்லாமல் மத்தியானத்திலும் எரித்தார்கள். "வருதடி" என்று குரல் வைப்பதையே பெண்கள் விட்டுவிட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஓடுவது? வேணுஜாவுக்கு இன்னும் இரண்டு வலிப்பு வந்தது. இரண்டாவதற்குப் பிறகு வலது கை மணிக்கட்டோடு தொங்கிவிட்டது. தூக்கிவிட்டாலும் திரும்ப விழும். டொக்டர் நரம்பைத் தட்டிப் பார்த்தான். பிரேமினியின் முகத்தைப் பார்க்காமல், "நான் முதலே சொன்னனான் அம்மா" என்று மட்டும் சொன்னான்.

கடைசிச் சோழகம் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், முற்றத்தில் வெள்ளை வான் ஒன்று வந்து நின்றது. கந்தோர் மிஸ் இறங்கினா. கூட இரண்டு பெட்டைகள், கமராவோடு ஒரு பெடியன். தண்ணீரோடு வாளி ஒன்று, பீங்கான் ஒன்று, சவர்க்காரப் பெட்டி ஒன்று.

"இதுதானே சுகந்தன் வீடு? உங்களுக்குத்தான் விழிப்புணர்வு வந்திருக்கு அம்மா. கை கழுவுற முறை. அஞ்சு நிமிசம்தான்."

வேலிக்கு மேலால் சிவபாக்கியத்தின் தலை தெரிந்தது. "அவளுக்கோ மிஸ்? அவளுக்குக் கழுவப் பழக்கிறீங்களோ?" என்றவள், பிரேமினியின் முகத்தைக் கண்டு தலையைக் கீழே எடுத்துக்கொண்டாள். அவள் வாயடைத்தது ஊர் அறிய அதுதான் முதல்தரம்.

பிரேமினி கதிரை எடுத்துப் போட்டாள். மிஸ் பிள்ளையைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினா.

"வாங்கோ குட்டி. பேரென்ன?"

பிள்ளை யோசித்தது. பேர் வரவில்லை.

"வேணுஜா" என்றாள் பிரேமினி.

"வேணுஜாக்குட்டி, இந்தாங்கோ சவர்க்காரம். பிடியுங்கோ. தம்பி, படம் எடும்."

சவர்க்காரம் வழுவி மண்ணில் விழுந்தது. ஒரு பெட்டை எடுத்துக் கழுவிக் கொடுத்தாள். மறுபடியும் விழுந்தது.

"இறுக்கிப் பிடிக்கவேணும் குட்டி."

"அவளுக்கு அந்தக் கை ஏலாது மிஸ்" என்றாள் பிரேமினி.

"அப்ப நீங்கள் பின்னால இருந்து கையைப் பிடியுங்கோ அம்மா. படத்துக்குத்தானே. அறிக்கையோட வைக்கவேணும்."

பிரேமினி பிள்ளைக்குப் பின்னால் குந்தினாள். செத்த மீனைப்போலக் கிடந்த அந்தக் கையைத் தன் கைக்குள் எடுத்து, சவர்க்காரத்தை அதற்குள் வைத்து, தன் விரல்களால் மூடித் தேய்த்தாள். நுரை வந்தது. பிள்ளை நுரையைக் கண்டு சிரித்தது. கமராப் பெடியன் "நல்லா இருக்கு, அப்பிடியே" என்றான். இரண்டு பெட்டைகளும் கைதட்டினார்கள்.

அப்போது காற்று ஒருமுறை சுழன்று அடித்தது. மதிலுக்கு அப்பாலிருந்து புகை தாழ்ந்து, மாட்டுப்பட்டி போல மொத்தமாக முற்றத்துக்குள் இறங்கியது. கமராப் பெடியன் இருமினான். மிஸ் சீலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டா.

"என்ன கண்றாவி இது! ஏறுங்கோ, ஏறுங்கோ. கண்ணாடியைப் போடுங்கோ."

வாளியும் பீங்கானும் ஒரு நிமிஷத்தில் வானுக்குள் போயின. நாலு கண்ணாடியும் ஒன்றாக ஏறின. பிரேமினி குந்தினபடியே இருந்தாள். பிள்ளையின் கை இன்னும் அவள் கைக்குள், நுரையோடு. கழுவி ஊற்றத் தண்ணீரை அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.

வான் திரும்பும்போது, மூடின கண்ணாடிக்குள்ளிருந்து மிஸ் அவளைப் பார்த்தா. பார்த்து, இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துக் காட்டினா, மறந்துவிடாதேங்கோ என்று.